அழுத முகமில்லை, வீங்கிய முகம்

என்னைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு நல்ல பேச்சு கிளம்பியது. புருஷன் போன துக்கத்தில் அஞ்சலை உருகிப் போய்விட்டாள், அவளைப் போல ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். என் காதிலும் விழுந்தது. எதிர்த்துப் பேச அப்போது உடம்பில் தெம்பு இல்லை. இப்போது இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சொந்தமாக நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது என்று எந்த வேலைக்கும் பெண்ணாட்களைத் திரட்டிக் கூட்டிப் போகும் மேஸ்திரி நான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எட்டாவது வரை படித்தவள், மகளிர் குழுவில் தீர்மானம் எழுதிப் பழகிய கை, ஆகவே இதை எழுத யாரையும் கெஞ்சவில்லை. விடியற்காலையில் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி வீட்டு மல்லிகா வரைக்கும் கூடையை எடுத்துக்கொண்டு வருவாள். செல்போன் வந்த பிறகும் நான் போன் போட்டு ஒருத்தியையும் எழுப்பியது கிடையாது. குரல்தான் என் சொத்து. வயல்காரர் கூலியைக் குறைத்துப் பேசினால் அந்தக் குரலில் இன்னும் கொஞ்சம் காரம் ஏறும்.

என் வீட்டுக்காரர் கை கால் விழுந்து மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. படுக்கையில் விழுந்த பிறகும் வாயால் முடியாவிட்டால் கண்ணால் சண்டை போடுவார். அவர் போன அன்றைக்கு நான் அழவில்லை. பந்தலுக்கு ஆள் சொல்லி, வந்தவர்களுக்குச் சோறு ஆக்க அரிசி அளந்து, மேளக்காரரிடம் பேசி, எல்லாவற்றையும் நின்று நடத்தினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு களையெடுப்புக்குப் போய்விட்டேன். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழ வேண்டும். என்னைக் கட்டிக்கொண்டு அழ வந்தவர்களிடம் நான் சாப்பிட்டீர்களா என்று கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கேட்டிருப்பேன்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று இப்போது சொல்கிறேனே தவிர, அப்போது எனக்கே ஒன்றும் தெரியவில்லை. சேற்றில் இறங்கினால் கால் திரும்ப மேலே வர மறுத்தது. மத்தியானம் வரப்பில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை. யாராவது கேள்வி கேட்டால் பதில் எங்கேயோ தூரத்திலிருந்து நடந்து வருவது போல இருந்தது. பேரப் பிள்ளை மடியில் ஏறினால் இறக்கி விட்டேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மலம் இறுகி வெளிக்குப் போவதே பெரும்பாடு ஆகிவிட்டது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். மாசி வெயிலில் எல்லாரும் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்க, நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு குரல் போயிற்று. கட்டைக் குரலாகி, கரகரத்து, அதுவும் தேய்ந்து போயிற்று. காலையில் எழுந்தால் முகம் வீங்கி, கண் இமை உப்பி, கண்ணைத் திறக்கவே கஷ்டமாக இருக்கும். தெருவில் பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ராத்திரி முழுக்க யாருக்கும் தெரியாமல் அழுகிறாள், அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது, முகம் வீங்கிவிட்டது, ஆள் பார்க்கக் கூடாதென்று போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். சாவுக்கு அழாதவள் என்று என்னை வைதவர்களே இப்போது என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேஸ்திரிக்கா, இப்பிடி உள்ளயே வச்சிக்கினு இருந்தா எப்பிடி? வாய் வுட்டு அழுதுடு" என்றாள். வேலைக்கு ஆள் கூட்டிப் போவதை அவள்தான் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண்தான், ஆனால் வயல்காரர்களிடம் வாய் பேசத் தெரியாது. சொன்ன கூலிக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். அதைக் கேட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமே வராத அஞ்சலையை நினைத்துப் பாருங்கள். அதுதான் நோய்.

என் மகன் ஏழுமலை பயந்துபோய்ப் பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். "அப்பா போனதுலேருந்து இப்பிடித்தாங்க, யார்கிட்டயும் பேசறதில்ல, சாப்பிடறதில்ல" என்று அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டர் மனச்சோர்வு என்றார், தூக்கத்துக்கும் மனசுக்கும் மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காதில் போட்டதே துக்கக் கதைதான். ஆனால் அந்தத் தூக்க மாத்திரையைப் போட்டதும் நான் இன்னும் அமுங்கிப் போனேன். பகலிலும் கண்ணைச் சொருகியது. ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். மருமகள் சத்யா என் வாயைத் துடைத்துவிட்டாள். ஊரார் சொல்வது நிஜமாக இருக்குமோ, எனக்கே தெரியாமல் அந்த மனுஷனை நினைத்து உருகுகிறேனோ என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். இப்படியே விட்டிருந்தால் அவருக்குப் பக்கத்திலேயே என்னையும் புதைத்துவிட்டு, துக்கத்தில் போய்விட்டாள் என்று ஊர் பெருமையாகப் பேசியிருக்கும்.

பங்குனியில் அவருக்குத் தலைதிவசம் வந்தது. செத்து ஒரு வருஷம் முடிந்து செய்கிற காரியம் அது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். என் நாத்தனார் பூங்காவனமும் வந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அவளும் அவள் புருஷனும் கல்வராயன் மலை மேலே இருக்கும் வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருக்கிறார்கள். அண்ணன் சாவுக்கு வந்துவிட்டு மலையேறியவள், ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் இறங்கி வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. என் கல்யாணத்தன்றைக்கு ஆரம்பித்தது. அண்ணன் சாவுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதை மலை மேலே டீ குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லியிருந்தாள்.

நான் மூலையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி பூங்காவனத்திடம், "பாரு, வருசம் ஒண்ணாச்சி, இன்னும் அழுது அழுது மூஞ்சி எப்பிடி வீங்கிக் கெடக்குது" என்று இரக்கத்தோடு சொன்னாள்.

பூங்காவனம் என்னைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"யாரு, இவளா? எங்க அண்ணன எடுக்கறப்பவே அழாதவ, ஒரு வருசம் கழிச்சி இன்னாத்துக்கு அழுவா? துக்கத்துல இருக்கறவ எளைச்சிப் போவா, இவ ஊதிப் போய் இருக்கா. மலையில பனி கொட்டறப்பகூட நான் இம்மாம் பெரிய போர்வ போத்தறதில்ல. இவ வெயில்ல போத்திக்கினு நடுங்கறா. டேய் ஏழுமல, உங்கம்மாவுக்கு இன்னாமோ நோவுடா!"

ஏழுமலை, "டாக்டருகிட்ட காட்டியாச்சி அத்த, மனசுதான்னு சொல்லிட்டாரு" என்றான்.

"மனசா? எங்க அண்ணனுக்காக உருகற மனசு இவளுக்கு ஏதுடா? அப்பிடி ஒண்ணு இருந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

கூடியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். படையல் போட்ட வீட்டில் இது என்ன பேச்சு என்று பெரியவர்கள் அதட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளே எங்கேயோ ஒரு சின்ன சந்தோஷம். இத்தனை மாதத்தில் என்னை நானாகப் பார்த்த ஒரே ஆள், எனக்கு ஆகாத நாத்தனார்தான்.

மறுநாள் அவள் மலைக்குத் திரும்பவில்லை. என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றினாள். ஏழுமலை பின்னால் ஏறினான். பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பெஞ்சில் இடம் கேட்டு ஒரு பெரியவரோடு பூங்காவனம் சண்டை போட்டாள், கடைசியில் அவரே எழுந்து இடம் கொடுத்தார். காத்திருப்பதுதான் ஆஸ்பத்திரியில் பாதி வைத்தியம். யாருக்கு என்ன நோய் என்று பெஞ்சிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனக்கு என்ன என்று கேட்டவர்களிடம் பூங்காவனம், "அதக் கண்டுபுடிக்கத்தான் வந்துக்கினு இருக்கறோம்" என்றாள்.

டாக்டரம்மா என் மருமகள் வயதுதான் இருப்பார். ஏழுமலை வழக்கம்போல "அப்பா போனதுலேருந்து" என்று ஆரம்பித்தான். பூங்காவனம் அவன் வாயை அடைத்தாள். "அவன் பேச்ச வுடுங்கம்மா. இவ துக்கப்படற ஆளே கெடையாது. சத்தியமா சொல்றன், நான் செத்தவரோட தங்கச்சி." டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். அந்தத் திரும்பலில்தான் நான் பிழைத்தேன்.

நாடியைப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்றார். நாக்கை நீட்டச் சொன்னார், அது தடித்திருந்தது. முழங்கைத் தோலைத் தடவிப் பார்த்தார். "புருவத்துல ஓரத்து முடி முன்னாடியே இப்படித்தான் இல்லாம இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். நான் கண்ணாடி பார்த்தே எத்தனையோ நாளாகியிருந்தது. முட்டி போட்டு உட்காரச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் அசைந்து, மெதுவாக, வேண்டா வெறுப்பாகப் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. அவர் இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். "ரத்தம் பாத்துடலாம், எனக்குத் தைராய்டு மேல சந்தேகமா இருக்கு" என்றார்.

தைராய்டு என்பது தொண்டைக்கு முன்னால், தாலிக்கயிறு கிடக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சுரப்பி. அதிலிருந்து வரும் நீர்தான் உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்கிறது. இதயத்துடிப்பு, உடம்புச் சூடு, குடல், தோல், யோசனை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. என் சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்தியிருந்தது. என் கழுத்தில் தாலி போனதை ஊரே பார்த்தது. அந்தக் கழுத்துக்குள்ளே வேலை நின்று போனதை யாரும் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் என்று ஒன்று பார்ப்பார்கள். சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலிருந்து வருகிற ஏவல் அது. சுரப்பி படுத்துவிட்டால் ஏவல் ஏறிக்கொண்டே போகும். வரப்பில் நின்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துகிறாள், ஆள் வயலில் தூங்குகிறாள், அதுதான் கணக்கு. எனக்கு அது கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. ரத்தத்தில் உப்புச் சத்தும் இறங்கியிருந்தது, அதனால்தான் அப்படித் தூக்கமும் குழப்பமும். தூக்க மாத்திரையை உடனே நிறுத்தி, "இவங்கள வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்று வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

பயம் அப்போதுதான் வந்தது. இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். திரையில் என் இதயம் கூழ் கொதிப்பது போல மெதுவாகப் பொங்கிப் பொங்கி அடங்கியது. அதைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். இந்த நோய் முற்றினால் அப்படிக் கோக்குமாம், மாத்திரை சரியாகப் போனால் வற்றிவிடுமாம். வற்றாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. ஏழுமலை வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான். செலவு என்ன ஆகுமோ என்று கறவை மாட்டை விற்க ஆள் பார்த்து வைத்திருந்தான், பாவம். நல்ல வேளை, மாட்டை அவிழ்க்க வேண்டி வரவில்லை.

தைராய்டு மாத்திரையை எடுத்த எடுப்பில் நிறையக் கொடுக்க மாட்டார்கள். வயதானவர்களின் இதயம் திடீர் வேகத்தைத் தாங்காது, அதனால் சின்ன அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அது இறங்கிக் கொஞ்ச நேரம் போன பிறகுதான் டீ. டீக்கடைக்காரியான பூங்காவனத்துக்கு இது பெரிய அக்கிரமமாகப் பட்டது. ஆனாலும் ஒருநாளும் தப்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாராவது டீயை நீட்டினால், "அவளுக்கு இப்ப குடுக்கக் கூடாது" என்று போலீஸ் மாதிரி மறித்தாள்.

கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். வெடித்த என் குதிகாலுக்கு எண்ணெய் தடவினாள். உதிர்ந்தது போக மிச்சமிருந்த முடியைச் சிக்கெடுத்து, பட்டாணியளவு கொண்டை போட்டுவிட்டு, "இதுக்கு ஒரு பூ வேற வேணுமா?" என்று சிரித்தாள். கஞ்சியில் உப்புக் கம்மி என்று சொன்னால், "எங்க அண்ணன் நீ ஆக்கனத நாப்பது வருசம் வாயத் தொறக்காம தின்னாரு, நீ இதத் தின்னு" என்பாள். சத்யா தினமும் பஸ் ஏறி வந்து துணி மாற்றிவிட்டுப் போனாள். வார்டில் என்னையும் பூங்காவனத்தையும் பார்த்தவர்கள், நாங்கள் இருவரும் கூடப் பிறந்தவர்கள் என்றே நினைத்தார்கள். இரண்டு பேரும் உடனே மறுத்தோம்.

இரண்டாவது வாரத்தில் மல்லிகாவும் இன்னும் சில பெண்களும் பார்க்க வந்தார்கள். ஒருத்தி ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, மெல்ல, "அண்ணன நெனச்சி நெனச்சி ஒடம்ப இப்பிடிக் கெடுத்துக்கினியேக்கா" என்றாள்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. "ஏன்டி, நெனச்சா தொண்ட கட்டுமா? நெனச்சா நாக்கு தடிக்குமா? கழுத்துல சொரப்பி கெட்டுப் போச்சின்னு டாக்டரே சொல்றாங்க, நீ உங்க அண்ணனக் கூட்டிக்கினு வர்ற! அது கெடக்கட்டும், மல்லிகா, மரவள்ளி புடுங்கறதுக்கு இன்னா கூலி பேசுன? அவங்க சொன்னத வாங்கிக்கினு வந்துட்டியா?"

குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனால் வார்டின் அடுத்த கோடி வரைக்கும் கேட்டது. நர்ஸ் ஓடி வந்து, "அம்மா, சத்தம் போடாதீங்க, இதயத்துக்கு ஆகாது" என்றார். பூங்காவனம் கை தட்டினாள். "போடட்டும் சிஸ்டர், போடட்டும். இதாங்க எங்க அண்ணி!" அந்தக் கோபத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். வயதானவர்கள் ஒடுங்கிப் போய் உட்கார்ந்தால் அதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை, பி பன்னிரண்டு என்கிற சத்துக் குறைவு, உப்புச் சத்து இறங்குவது, சாப்பிடுகிற வேறு மாத்திரையின் கோளாறு, கை நடுக்க நோயின் ஆரம்பம், எப்போதோ தலையில் பட்ட அடியால் உள்ளே மெல்லக் கசிகிற ரத்தம். இதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்குமாம். "அதுக்காக எல்லாருக்கும் தைராய்டுதான்னு ஊர்ல போய் சொல்லிடாதீங்கம்மா. மனச்சோர்வும் நிஜமான நோய்தான், அதுக்கும் மருந்து இருக்கு. அந்த மாத்திரை சாப்பிடறவங்க யாரும் அவங்களா நிறுத்தக் கூடாது. உடம்பையும் ஒரு தரம் பாருங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அப்படியே சொல்கிறேன். அவர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.

மாத்திரை மெல்ல ஏறியது, நீர் வற்றியது, முகம் இறங்கியது. போர்வையை மடித்துப் பரணில் போட்டேன். ஆடி கழிந்து நடவு தொடங்கிய அன்றைக்குத் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தேன். கதவுகள் திறந்தன. மல்லிகா கூடையோடு ஓடி வந்து, "அப்பாடா, இனிமே கூலிய நீயே பேசிக்கோக்கா" என்றாள். அன்றைக்கே பேசினேன். கூட்டித்தான் வாங்கினேன்.

நடவு முடிந்ததும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். நாத்தனார் வீட்டுக்கு நானாகப் போனது அதுதான் முதல் தடவை. பூங்காவனம் டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு அவள் கேட்டாள்.

"அண்ணி, இப்பவாச்சும் நெசத்தச் சொல்லு. எங்க அண்ணனுக்காக ஒரு தடவையாச்சும் அழுதியா?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல பூங்காவனம். மூணு வருசம் குளிப்பாட்டனன், ஊட்டனன், பீ மூத்திரம் அள்ளனன். அழறதுக்கு நேரம் இல்ல. அவரு போனப்போ என்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்ல."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியும். தெரிஞ்சிதான் உம்மேல கோவமா இருந்தன். நீ அழலன்னு ஊரு பூரா சொன்னன். நான் இன்னா செஞ்சன்? மலையில குந்திக்கினு டீ ஆத்திக்கினு இருந்தன். மூணு வருசத்துல ஒரு நாள்கூட எறங்கி வந்து எங்க அண்ணனுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தலயே அண்ணி."

நான் எழுந்து போய் அவள் தோளைக் கட்டிக்கொண்டேன். சாவு அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடக்காதது அது. முதலில் அவள் அழுதாள், பிறகு நானும் அழுதேன். மாத்திரை திருப்பிக் கொடுத்த குரலில், அவர் பேரைச் சொல்லி, அவர் பிறந்த ஊரைச் சொல்லி, சண்டை போட்டதையெல்லாம் சொல்லி வாய் விட்டு அழுதேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் என்ன ஏது என்று கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.